ஆத்ம திருப்திக்கு யார் சம்பளம் கொடுப்பது?

போன மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு கூட்டம் நடந்தது. தொழில் தொடங்குவது எப்படி என்று பேசுவதற்கு வெளியூரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நன்றாகத்தான் பேசினார். நடுவில் திடீரென்று, "யார் யார் வீட்டுல கடை இருக்கு, கை தூக்குங்க" என்றார். பதினோரு கை எழுந்தது. என் கெட்ட நேரம், நான் முதல் வரிசை.

"என்ன கடைம்மா?"

"காப்பித்தூள் கடை சார். ஸ்ரீரங்கத்துல."

"வெரி குட். அப்பாவோட அஞ்சு வருஷத் திட்டம் என்ன?"

"காலையில வறுத்ததை ராத்திரிக்குள்ள வித்துடணும் சார். அதான் திட்டம்."

அரங்கமே சிரித்தது. நான் ஜோக் அடிக்கவில்லை, உண்மையிலேயே அதுதான் எங்கள் வீட்டுத் திட்டம். அவரும் சிரித்து முடித்துவிட்டு, போர்டில் "வளராத தொழில் செத்த தொழில்" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தேன். தில்லைநகரிலிருந்து பாலம் தாண்டிக் காரில் வருகிற ஒரு அங்கிள், பழைய வாடிக்கையாளர், ஒரு கிலோ வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உங்கப்பா மாதிரி ஆள் இனிமே பொறக்கப் போறதில்லம்மா. ஊரே விலையை ஏத்திடுச்சு. இவர் மட்டும் லாபத்தைப் பாக்காம மனத்திருப்திக்காகக் கடை நடத்தறாரு." அப்பா கூச்சத்தோடு சிரித்தார். உள்ளே அரவை மெஷின் பக்கத்தில் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரே நாளில் இரண்டு பேர் மேல் எனக்குக் கோபம் வந்தது. முதல் கோபத்துக்குக் காரணம் உடனே தெரிந்தது. இரண்டாவதற்குக் காரணம் தெரிய நான்கு வாரமும் ஒரு காஸ்ட் ஷீட்டும் தேவைப்பட்டது. இரண்டையும் கொட்டிவிடுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போர்டில் எழுதியவர்.

எங்கள் கடை தாத்தா ஆரம்பித்தது. ஒரு வறுக்கும் ட்ரம், ஒரு அரவை மெஷின், ஒரு தராசு, நான்கு பெரிய டின். பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரோபஸ்டா, சிக்கரி. சரக்கு இவ்வளவுதான். ஆனால் கலவை வீட்டுக்கு வீடு வேறு. சித்திரை வீதியில் இருக்கிற ஒரு மாமிக்குப் பீபெரி முக்கால், பிளாண்டேஷன் கால், சிக்கரி வாசனையே கூடாது. பூக்கட்டுகிற அக்காவுக்கு ரோபஸ்டா பாதி, சிக்கரி முப்பது, "கறுப்பா கெட்டியா இருக்கணும்ணே". இப்படி ஏறக்குறைய இருநூறு வீடு, ஏழெட்டு டீக்கடை. எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் அப்பாவின் தலையில் இருக்கிறது. ஆள் படியேறும்போதே அவர் கை சரியான டின்னுக்குப் போய்விடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு தாத்தா காலமானார். காரியம் எல்லாம் முடிந்து பாட்டி முதல் தடவையாக அவரே கடைக்கு வந்து, "வழக்கமா குடுக்கறதைக் குடுப்பா" என்றார். அப்பா சிக்கரியைத் தொடாமல் அரைத்துக் கொடுத்தார். பாட்டி போனபிறகு ஏன் என்று கேட்டேன். "சிக்கரி பெரியவருக்கு வேணும். பாட்டிக்குப் பிடிக்காது. இருபது வருஷமா அவருக்காகத்தான் குடிச்சுண்டிருந்தாங்க" என்றார். மறுவாரம் பாட்டி வந்து ஒன்றும் சொல்லவில்லை. அதே தூளை வாங்கிக்கொண்டு போனார்.

இதை எப்படிப் பெரிசாக்குவது? எந்த ஐந்து வருடத் திட்டத்தில் போடுவது? பாக்கெட் போட்டு, பெயர் வைத்து, புதுக்கோட்டையிலும் பெரம்பலூரிலும் கடை கடையாக அடுக்கினால் விற்கும், விற்காமல் போகாது. ஆனால் பாக்கெட்டுக்கு யாரையும் தெரியாது. பாக்கெட்டில் காசு எங்கே வரும் என்பதும் எனக்குத் தெரியும். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று அட்டையில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 வரை சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சிக்கரி காப்பிக் கொட்டையைவிட ரொம்ப மலிவு. விளம்பரம், ஏஜென்ட் கமிஷன், லாரி வாடகை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமென்றால் கை தானாகச் சிக்கரி டின்னுக்குத்தான் போகும். திருட்டு இல்லை, அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தூள் மட்டும் வேறு தூளாகிவிடும்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வெளியூர்க் கூட்டம் அலைமோதும். "ஸ்ரீரங்கம் ஸ்பெஷல் காப்பித்தூள் இருக்கா?" என்று வருவார்கள். ஒரு பாக்கெட்டில் கோபுரம் படம் போட்டு வைத்தால் இருபது நாளில் மூன்று மாத வருமானம் வந்துவிடும். அப்பா ஒவ்வொருவரிடமும், "அப்படி ஒரு கலவை கிடையாது. உங்க வீட்டுல எப்படிக் குடிப்பீங்க, சொல்லுங்க" என்பார். பின்னால் க்யூ நிற்கும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் ப்ராஜெக்டுக்குத் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸை எடுத்துக்கொண்டான். 1943-ல் தொடங்கிய ஓட்டல். அதன் நெய் ரோஸ்ட்டுக்காகவே திருச்சியிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் உண்டு (இவனும் அதில் ஒருவன்). ப்ராஜெக்டில் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? மத்திய சமையல்கூடம், இருபது ஃபிரான்சைஸ், உறைய வைத்த மாவு. "நீ எதுக்குடா இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போறே?" என்று கேட்டேன். "அங்கதானே அந்த டேஸ்ட்" என்றான். அவன் வாயாலேயே பதில் வந்துவிட்டது. ப்ராஜெக்டுக்கு நல்ல மார்க் விழுந்தது என்பது வேறு விஷயம் :-)

வளராவிட்டால் சாவு என்பது உண்மையா என்று கொஞ்சம் உலகத்தைப் பார்ப்போம். ஜப்பானில் க்யோட்டோ நகரத்தில் இமாமியா என்ற கோவில் வாசலில் இச்சிவா என்று ஒரு கடை. கி.பி. 1000 வாக்கில் ஆரம்பித்தது என்கிறார்கள். சுட்ட அரிசிக் கொழுக்கட்டை மாதிரி ஒரு பண்டம், கூடவே தேநீர், அவ்வளவுதான் அங்கே கிடைக்கும். ஒரே குடும்பம் நடத்துகிறது. ஊபர் ஈட்ஸில் சேரச் சொல்லிக் கேட்டபோது மாட்டோம் என்று சொன்னதாக 2020-ல் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அதே ஜப்பானில் கொங்கோ குமி என்று இன்னொரு குடும்பத் தொழில். கி.பி. 578-ல் இருந்து கோவில் கட்டுகிற கம்பெனி. 1980-களில் நிலத்தின் விலை எகிறியபோது இவர்களும் நிலத்தில் பணத்தைப் போட்டார்கள். விலை சரிந்தது, கடன் ஏறியது. 2006-ல் வேறொரு கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஆயிரத்து நானூறு வருடம் கோவில் கட்டியபோது வராத ஆபத்து, பெரிசாக வேண்டும் என்று ஆசைப்பட்ட இருபது வருடத்தில் வந்துவிட்டது. எல்லோரும் வளரக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வளராதது செத்தது என்று போர்டில் எழுதினால், இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

நம் நாட்டு நிலவரமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2013-14-ல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், பயிர் விவசாயம் நீங்கலாக, 5.85 கோடி நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் வேலை பார்த்தவர்கள் 13.1 கோடிப் பேர். ஒரு நிறுவனத்துக்குச் சராசரி இரண்டேகால் ஆள்! பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை கூலிக்கு ஒருவரைக்கூட வைக்காதவை. இவ்வளவு பேரையும் செத்தவர்கள் என்று சொல்லிவிட்டு அவர் ரயிலேறிப் போய்விட்டார்.

இதுவரை படித்தவர்கள், "சரி, இவள் அப்பா கட்சி" என்று முடிவு செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பருக்கு ஒரு சிறு தொழிலின் காஸ்ட் ஷீட் போட்டு வரச் சொன்னார்கள். வெளியே அலைவானேன் என்று எங்கள் கடையையே போட்டேன். அங்கேதான் வினை.

பச்சைக் கொட்டையை வறுத்தால் எடையில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது வரை போய்விடும். அது, கரண்ட், வாடகை, பொட்டலக் காகிதம் எல்லாம் கணக்கில் வரும். ரொம்ப உள்ளே போகாமல் சொல்கிறேன். 2023 வரை வறுத்த எடையில் ஒரு கிலோவுக்குக் கொட்டை விலை போக சுமார் 100 ரூபாய் நிற்கும். ஒரு நாளைக்கு 12 கிலோ விற்றால் 1,200. வாடகை, கரண்ட், இத்யாதி 280. கடையில் ஒரு அண்ணன் வேலை பார்த்தார், அவருக்கு 350. மீதி 570 வீட்டுக்கு.

அப்புறம் காப்பி விலை ஏறியதே, நினைவிருக்கிறதா? வியட்நாமில் வறட்சி, ரோபஸ்டா ஏறியது. 2024-ல் பிரேசிலில் வறட்சி, அராபிகா ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது, அதுவரை பார்க்காத விலை. குடகிலும் சிக்மகளூரிலும் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ரொம்ப நாள் கழித்து நல்ல காசு கிடைத்தது. சந்தோஷம்தான். இங்கே மற்ற கடைகள் விலையை ஏற்றின. அப்பாவும் ஏற்றினார், ஆனால் அரைமனதாக. கொட்டை ஏறிய அளவுக்கு ஏற்றவில்லை. "பென்ஷன்ல இருக்கறவங்க எங்கே போவாங்க?" என்றார். கிலோவுக்கு 100 நின்ற இடத்தில் 65 நின்றது.

அதாவது 12 கிலோவுக்கு 780. செலவு 280. மீதி 500. அந்த அண்ணனுக்கு 350 கொடுத்தால் நமக்கு 150. முடியுமா? அண்ணன் நின்றுவிட்டார். (பி.எஃப். எல்லாம் கேட்காதீர்கள். அது கட்டாயமாக இருபது பேர் வேலை செய்ய வேண்டும். எங்களைப் போன்ற கடையில் நின்றவருக்கு ஒன்றும் கிடையாது. சின்னக் கடையின் அழகில் இதுவும் உண்டு.) அவர் செய்த வேலையை அம்மா செய்ய ஆரம்பித்தாள். காலையில் சமையலை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வந்தால் ராத்திரி எட்டு வரை. அப்போது யாரும் அதை ஒரு முடிவாகப் பேசவில்லை. "ரெண்டு நாள் கொஞ்சம் பாத்துக்கோ" என்று ஆரம்பித்தது. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது கழித்துப் பாருங்கள். அப்பா கையில் வந்தது 570-லிருந்து 500 ஆனது. அவருடைய கொள்கைக்கு அவர் கொடுத்த விலை ஒரு நாளைக்கு 70 ரூபாய். அம்மா கொடுத்தது 350 ரூபாய். மொத்தம் 420. பன்னிரண்டு கிலோவுக்கு 35 ரூபாய் வீதம் ஊருக்கு விட்டுக்கொடுத்தோமே, அதே 420. ஒரு பைசா பிசகாமல் டேலி ஆகிறது. ஆறில் ஐந்து பங்கு கட்டியது அம்மா, பெயர் வாங்கியது அப்பா.

காஸ்ட் ஷீட்டில் இதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த 500-ஐ இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 250. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த தினக்கூலி 336. "லாபத்தைப் பாக்காத மனுஷன்" என்பதற்குக் கணக்கில் அர்த்தம் இதுதான்.

நூலகத்தில் தேடியபோது ரஷ்யாவில் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே இதை எழுதியிருப்பது தெரிந்தது. அலெக்ஸாண்டர் சயானோவ். விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்தவர், 1925-ல் புத்தகம் வந்தது. 1930-ல் கைது செய்தார்கள், 1937-ல் சுட்டுக் கொன்றார்கள். அவர் சொன்னது சுருக்கமாக இது: குடும்பத் தொழிலில் கூலி என்ற கணக்கே கிடையாது. வீட்டுக்கு எவ்வளவு வேண்டும், உடம்பு எவ்வளவு தாங்கும், இந்த இரண்டும் சந்திக்கிற இடம் வரை உழைப்பார்கள். கூலி கொடுத்து நடத்துகிற முதலாளி கடையை மூடிவிடுகிற விலையிலும் குடும்பம் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அது தன்னையே சுரண்டிக்கொள்ளும். நான் ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். "தன்னை" என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சமமாக இல்லை.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். தேசிய தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போடுவார்கள். சொந்தமாகத் தொழில் நடத்துபவர் 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்பவர் 21. எங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கெடுப்பாளர் வந்தால் அப்பா 11, அம்மா 21. 2023-24 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை செய்கிற பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த 21-ல் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு 21 இருக்கிறாரா என்று பாருங்கள். (இவ்வளவு நேரமாக அப்பாவுக்கு "ர்" போட்டும் அம்மாவுக்கு "ள்" போட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன்.)

உடனே யாராவது கமலாத்தாள் பாட்டியைக் கொண்டு வருவார்கள். கொண்டு வாருங்கள், நானும் அவரைப் பற்றிப் பேச வேண்டும். கோயம்புத்தூர் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றவர். 2019 செப்டம்பரில் வீடியோ பரவி நாடு முழுக்கத் தெரிந்தது. முதலில் ஐம்பது பைசாவுக்கு விற்று, பிறகு ஒரு ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்பதற்காக விலையை ஏற்றவில்லை என்றார். நாளுக்கு இருநூறு ரூபாய் போல மிஞ்சும் என்று அப்போது செய்தியில் வந்தது. 2020 ஊரடங்கிலும் விலை ஏறவில்லை.

அவரை நான் கும்பிடுகிறேன். ஏன் என்றால் அது அவருடைய கை, அவருடைய அடுப்பு, அவருடைய முடிவு. புகையில் உட்கார்ந்தவரும் அவர், திருப்தி அடைந்தவரும் அவர். ஒருவர் தன் உழைப்பை யாருக்கு எவ்வளவுக்குக் கொடுப்பது என்று தானே தீர்மானித்தால் அதைக் கேள்வி கேட்க நான் யார்? ஆனால் பிறகு நடந்ததையும் பாருங்கள். ஆனந்த் மகிந்திரா ட்வீட் போட்டார், காஸ் அடுப்பு வந்தது. 2022 அன்னையர் தினத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் இட்லி விலையில் வர வேண்டியதுதான் வேறு வழியாக, நன்கொடையாக வந்தது. எந்த விலையிலும் முழுச் செலவு எங்காவது யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவருக்கு ஒரு மகிந்திரா கிடைத்தார். எங்கள் கடைக்கு மகிந்திரா எங்கள் அம்மாதான்.

இப்போது தில்லைநகர் அங்கிளிடம் வருகிறேன். அங்கிள், உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் "மனத்திருப்தி" என்று பாராட்டியது உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடியை. மாலில் ஒரு கப் காப்பிக்கு இருநூறு ரூபாய் வரை கொடுத்துவிட்டு, அதன் படத்தையும் ஸ்டேட்டஸில் போடுகிறீர்கள். அங்கே யாரும் ஆத்ம திருப்திக்காகக் கடை நடத்த வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதில்லை. சின்னக் கடைக்காரன், கோவில் தெருக்காரன், பாட்டி, இவர்கள் மட்டும் லாபத்தைப் பற்றி யோசிக்கக் கூடாது. யோசித்தால் "இவனும் கெட்டுட்டான்". பாராட்டுக்குப் பதிலாகப் பத்து ரூபாய் கூடக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

பென்ஷன் மாமி என்ன செய்வார் என்பது அப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி, அதற்கும் கணக்குப் போட்டேன். விட்டுக்கொடுத்த 35 ரூபாயை ஏற்றினால், மாதம் அரை கிலோ வாங்குகிற வீட்டுக்குக் கூடுதலாக 17 ரூபாய் 50 காசு. ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் என்று வைத்தால் டம்ளருக்கு 35 காசு. மாமியால் அதுவும் முடியாது என்றால் மாமிக்கு மட்டும் பழைய விலையில் கொடுங்கள். இருநூறு வீட்டின் கலவையை ஞாபகம் வைத்திருப்பவருக்குப் பத்து வீட்டின் கஷ்டத்தை ஞாபகம் வைத்திருக்க முடியாதா? மாமியின் பெயரைச் சொல்லி கார்க்காரருக்கும் சேர்த்துக் குறைத்துக் கொடுப்பது என்ன நியாயம்?

"இப்படிக் கணக்குப் பார்த்தா திருப்தி எங்கேருந்து வரும்?" என்று அப்பா கேட்டார். நம்மில் நிறையப் பேருக்கு இந்த நினைப்பு இருக்கிறது, கணக்கு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று. ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். அதை விட்டுவிட்டுக் காந்தியோடு போய், 1934-ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். லாபத்துக்காக மட்டும் நடக்கிற பொருளாதாரம் நிலைக்காது என்று சிறையில் உட்கார்ந்து புத்தகம் எழுதினார். ‘ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல்' என்று 1973-ல் ஷூமாக்கர் எழுதி உலகம் பூராவும் பேசினார்களே, அதில் இவரை மேற்கோள் காட்டியிருக்கிறார். அவர் கணக்கை வெறுத்த ஆள் இல்லை. ஒரு பொருளின் விலைக்குள் யார் யாருடைய ரத்தம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு என்று நினைத்த ஆடிட்டர். அவர் எங்கள் கடைப் பேரேட்டைப் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் சுழித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

காஸ்ட் ஷீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டில் வைத்தேன். நினைத்ததைவிட மோசமாகப் போனது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. 350, 70 இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் உங்கம்மாவை வேலைக்காரி மாதிரியா நடத்தறேன்?" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வேலைக்காரருக்காவது 350 கொடுத்தோமே என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

பேசியது அம்மாதான். நான் எதிர்பார்க்காத மாதிரி பேசினார். "ஏண்டி, நான் என்னமோ கஷ்டப்பட்டு நிக்கறேன்னு உனக்கு யார் சொன்னா? வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு எனக்குக் கடை பிடிச்சிருக்கு. நாலு பேரைப் பாக்கறேன். பூக்காரி கலவை இப்ப உங்கப்பாவைவிட எனக்கு நல்லா வரும்."

நான் அசந்து போனேன். திருப்தி என்பதை அப்பாவின் சொத்தாகவே நானும் நினைத்திருக்கிறேன்! அம்மாவுக்கு உழைப்பு, அப்பாவுக்குத் திருப்தி என்று அழகாகப் பிரித்து எழுதிவிட்டேன். அவருக்கும் அந்த வேலை பிடித்திருக்கலாம் என்று காஸ்ட் ஷீட்டில் எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப சம்பளம் வேண்டாமாம்மா?"

"வேண்டாம்னு நான் சொன்னேனா? என்னை யார் கேட்டா?"

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு வருடமாகத் தன் அக்கா வீட்டுக்குத் தஞ்சாவூர் போகவில்லை. முட்டிக்கு டாக்டர் சொன்ன மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். தூசிக்கு முகமூடி கேட்டால் செலவு என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் சண்டை போடுகிற குரலில் இல்லை, மளிகை லிஸ்ட் சொல்கிற குரலில் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அடுத்த திங்கள்கிழமை அப்பா கடை வாசலில் சின்ன போர்டு வைத்தார். ஒன்றாம் தேதி முதல் கிலோவுக்கு 35 ரூபாய் கூடுதல். அப்பாவின் கையெழுத்து, ஒரு எழுத்துப் பிழையோடு. இரண்டு வீடு நின்றுவிட்டது, ஒரு டீக்கடையும் போய்விட்டது. சித்திரை வீதி மாமிக்கு அப்பா பழைய விலையே போட்டார். மாமி போர்டைப் படித்துவிட்டு, "எனக்கென்ன தனியா?" என்று புது விலையை எண்ணி வைத்துவிட்டுப் போனார். தில்லைநகர் அங்கிள் இந்த மாதம் இன்னும் வரவில்லை.

பேரேட்டில் சம்பளம் என்று புதுத் தலைப்புப் போட்டு அம்மா பெயரில் மாதம் 6,000 எழுதியிருக்கிறோம். 9,000 எழுத வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். கொட்டை மண்டிக்காரருக்குப் போன வருடத்துப் பாக்கி இருக்கிறது, அது தீரட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடக்கிவிட்டார்கள். முதல் மாதம் அப்பாவால் 3,500-தான் கொடுக்க முடிந்தது. மீதி 2,500, தர வேண்டியது என்று அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. அம்மா தினமும் கடை கட்டும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் லைட்டை அணைக்கிறார்.